பிக்கப் வண்டியை உயர்த்தப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அங்குலம் தூக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தொடங்கினால் பணம் தவறான இடத்தில் போய் விழும். தூக்குவது கடைசி வேலை. முதலில் காகிதம், அடுத்தது டயர், அதற்குப் பிறகும் தேவை இருந்தால்தான் லிஃப்ட். இந்த வரிசையை எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டறையில் லிஃப்ட்டுக்கான பாகத் தொகுப்பை, அதாவது கிட்டை, விற்கப் பார்த்தார்கள். டயர் கடையில் இருப்பதிலேயே பெரிய டயரைக் காட்டினார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் "அதெல்லாம் கூடாது" என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டார்கள். எது கூடும், எது கூடாது, யாரிடம் எதை எழுதி வாங்க வேண்டும் என்று அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன்.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பழைய டாடா ஜெனான், மஹிந்திரா கெட்அவே வாங்கித் தேற்றுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

இணையத்தில் நீங்கள் பார்க்கும் உயரமான வண்டிகள் பாறை ஏறுவதற்காகக் கட்டப்பட்டவை. நமக்குப் பாறை வேண்டுமென்றால் செஞ்சிப் பக்கம் போனால்தான் உண்டு. கடலூர், புதுச்சேரியைச் சுற்றி இருப்பது மூன்று வகை மண்.

முதலாவது மணல். கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்குள் போகும் வண்டித்தடங்களில் கணுக்கால் புதையும் மணல் கிடக்கும். அங்கே உயரத்துக்கு ஒரு வேலையும் இல்லை. டயர் எவ்வளவு அகலமாக மணல்மேல் படிந்து நிற்கிறது என்பதே கணக்கு, அது காற்றைக் குறைத்தால் கிடைத்துவிடும். செலவு, ஒரு காற்றுமானி வாங்கும் காசு.

இரண்டாவது செம்மண். பண்ருட்டியின் முந்திரித் தோப்புகள், வானூர் பக்கத்துச் செம்மண் மேடுகள். வெயில் காலத்தில் தார்ச்சாலைபோல் இறுகிக் கிடக்கும் தடம், ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் சோப்புத் தேய்த்த தரையாகிவிடும். டிராக்டர் போய்ப் போய் இரண்டு பள்ளமும் நடுவே ஒரு மேடுமாக இருக்கும். அந்த நடுமேட்டில் முதலில் இடிப்பது பின் ஆக்சிலின் நடுவே தொங்கும், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரக் கூடான டிஃபரன்ஷியல்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது படியில் இது வரும்.

மூன்றாவது களிமண். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல் வரப்புச் சாலைகள். சாதாரண டயரின் பற்களுக்கிடையே களி அப்பிக்கொண்டு, நான்கு சக்கரமும் வழவழப்பான உருளைகளாகிவிடும். சேற்றுக்கான பெரிய பற்கள் கொண்ட மட் டயர் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனாலும் என் அபிப்பிராயம், களி காயும்வரை காத்திருப்பதே மலிவு. டிராக்டர் வைத்து இழுத்துவிடுகிறவர் அன்றைக்குக் கேட்கும் தொகையைப் பேரம் பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை. தேவனாம்பட்டினமோ சாமியார்பேட்டையோ வீராம்பட்டினமோ, கடற்கரையை ஓட்டிப் பழகும் மைதானமாக்காதீர்கள். மணல் மேடுகளைச் சிதைப்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தடைசெய்யப்பட்டது. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. அவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. டயருக்கு அடியில் முட்டைக்குழி இருக்கிறதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. தெரிந்தவருடைய தோப்பில் அனுமதி கேட்டுப் பழகுங்கள்.

வெள்ளத்துக்காக உயர்த்துகிறேன் என்பவர்கள் 2024 டிசம்பருக்குப் பிறகு அதிகமாகிவிட்டார்கள். ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை கரை புரண்டதைப் பார்த்தவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடும் வெள்ளத்தில் இரண்டு அங்குல உயரம் உயிர் காக்காது. ஓடும் நீரில் வண்டியை இறக்காமல் இருப்பதுதான் காக்கும்.

2. ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) எடுத்து மேசைமேல் வையுங்கள்

டயர் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் கடைசியில் செய்வதும் இதுதான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத வகையில் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை இன்னொரு முறை படியுங்கள். லிஃப்ட் ஒன்று, டயர் ஒன்று, முன்பக்கக் கம்பி ஒன்று என்று எண்ணினால் தொகை ஏறிக்கொண்டே போகும்.

பட்டறைகளில் ஒரு சமாதானம் சொல்வார்கள்: "ஆர்.சி.யில் உயரம் எங்கே எழுதியிருக்கிறது? யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?" 182ஏ பிரிவு, பாகங்களைப் பொருத்தி மாற்றுவதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சாலையில் போலீஸ்காரர் அளக்காமல் விடலாம். விபத்துக்குப் பிறகு வரும் காப்பீட்டு மதிப்பீட்டாளர் நிச்சயம் அளப்பார்.

என் புரிதலில் மாற்றங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். அதே அளவில் வேறு பற்கள் கொண்ட டயர், உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளரே ஏற்ற மாற்று அளவு டயர், அசல் உயரத்தையே தரும் தரமான ஷாக் அப்சார்பர், இவற்றில் சிக்கல் இல்லை. உயரத்தை மாற்றும் ஸ்பிரிங், உற்பத்தியாளர் பட்டியலில் இல்லாத டயர் அளவு, இவற்றுக்குப் பதிவு அதிகாரியின் முன் ஒப்புதல் கையில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். வண்டியின் முகத்தில் மாட்டும் இரும்புக் கம்பிச் சட்டத்தை நினைக்கவே வேண்டாம். அதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் அதிர்வை அந்தக் கம்பி நேராகச் சட்டகத்துக்குக் கடத்துவதால் காற்றுப்பை விரிவதும் தடுமாறலாம். முன்பக்கத் தேடுவிளக்குக்கும் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

எழுதி வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வண்டி விற்ற டீலருக்கும் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல். சேஸிஸ் எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த வண்டிக்கு நீங்கள் ஏற்கும் டயர் அளவுகள் எவை?" என்று கேளுங்கள். போனில் சொல்வதை நம்ப வேண்டாம். பதில் வர ஓரிரு வாரம் ஆகும், ஒரு நினைவூட்டலும் தேவைப்படும். இரண்டு, பதிவு அதிகாரிக்கு விண்ணப்பம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கென்றே ஒரு சேவை இருக்கிறது. ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பொருத்தப்போகும் பாகத்தின் விவரத்தாள், அதன் சோதனைச் சான்று இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒப்புதல் பெற்று மாற்றிய பிறகு 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிவேற்ற வேண்டும். கோப்பில் சோதனைச் சான்று இல்லையென்றால் பெரும்பாலும் மறுப்பே வரும். அதையும் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள்.

கடன் முடியாத வண்டியென்றால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். கிளையில் கேட்டால் மைய அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய பொறி ஒன்று உண்டு. வண்டியின் பதிவு புதுச்சேரியின் பிஒய்-01, வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தினமும் தாண்டிப் பழகிவிட்டதால் இரண்டு ஆட்சிப் பகுதிகள் என்பதே மறந்துபோகும். புதுச்சேரியில் பதிவான வண்டிக்கு மாற்ற விண்ணப்பத்தைக் கடலூர் அலுவலகத்தில் ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, ஒரு மாநிலத்து வண்டி இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது 47ஆவது பிரிவு. அதற்குத் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு வரி என்று தனிப் படலமே இருக்கிறது. அது நிலுவையில் இருக்கும்போது மாற்ற விண்ணப்பத்தோடு போய் நின்றால் பேச்சு வரியின் பக்கம் திரும்பிவிடும். முதலில் பதிவைக் கடலூரின் டிஎன்-31 ஆக்குங்கள், பிறகு மற்றது.

மஞ்சள் பலகை வண்டிக்கு இன்னும் கண்டிப்பு. வணிக வாகனங்களின் பதிவுச் சான்றில் டயர்களின் எண்ணிக்கையும் அளவும்கூட இடம்பெறும். முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது வாழ்க்கை அல்ல.

3. டயர்: பெரிது வேண்டாம், சரியானது வாங்குங்கள்

டயரின் பக்கவாட்டில் 265/60 ஆர்18 என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம். 18 அங்குல ரிம்மோடு வரும் ஹைலக்ஸில் இருப்பது இந்த அளவுதான். இதன் மொத்த உயரம் சுமார் 775 மில்லிமீட்டர். பலரும் பரிந்துரைக்கும் 265/65 ஆர்18 சுமார் 802 மில்லிமீட்டர். வித்தியாசம் 27. அதில் பாதிதான் ஆக்சிலுக்குக் கீழே கிடைக்கும், அதாவது 13 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு விரல் அகலத்துக்காக ஐந்து டயர் வாங்கி, ஸ்பீடோமீட்டரையும் பொய் சொல்ல வைக்கிறோம். அது 100 காட்டும்போது வண்டி 103க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். 245/70 ஆர்16 போட்ட பழைய வண்டியில் 265/75 ஆர்16 மாட்டினால் ஆக்சிலுக்கு அடியில் 27 மில்லிமீட்டர் கூடும், ஆனால் 100 என்பது 107 ஆகிவிடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசவும் வாய்ப்புண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகக் கேமராவிடம் இந்தக் கணக்கை விளக்க முடியாது.

அதனால் என் சிபாரிசு, அதே அளவில் அல்லது உற்பத்தியாளர் மின்னஞ்சலில் ஏற்ற அளவில், ஆல் டெரெய்ன் வகை டயர். தோப்புக்கும் தாருக்கும் இடையே பாதிப் பாதி ஓடுகிறவருக்கு இது போதும். மட் டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், சீக்கிரம் தேயும். வாரம் முழுவதும் களிமண்ணில் கிடப்பவர் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை. பக்கச்சுவரில் ஓவல் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐந்தையும் தனித்தனியாகப் பாருங்கள், மேலே இருக்கும் புது டயரைக் காட்டிவிட்டு அடியில் இருப்பதை மாட்டுவது பழைய வித்தை. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 110 என்றால் டயருக்கு 1,060 கிலோ, 116 என்றால் 1,250 கிலோ.

ஐந்து என்றேன், நான்கு அல்ல. ஸ்டெப்னியை விட்டுவிட்டு நான்கை மட்டும் மாற்றுகிறவர்கள் அதிகம். வேறு உயரத்து ஸ்டெப்னியைப் பின் சக்கரத்தில் மாட்டி ஃபோர் வீல் போட்டால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இழுபறி கியர்ப்பெட்டியில் போய் முட்டும். அளவு கூட்டுவதாக இருந்தால் அந்த டயர், பின்னால் உள்ள சுமைப் பெட்டிக்கு அடியில் இருக்கும் தாங்கியில் அடங்குமா என்று மாட்டிப் பார்த்துவிட்டே பில் போடச் சொல்லுங்கள்.

விலை: 18 அங்குல ஆல் டெரெய்ன் டயர் ஒன்று, நான் விசாரித்தபோது 15,000 முதல் 24,000 ரூபாய் வரை இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள். பழைய டயர்களைக் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த டயரோடு ஒரு மழைக்காலம் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு லிஃப்ட் ஆசை அதோடு போய்விடும்.

4. லிஃப்ட்: ஒப்புதல் கையில் இருப்பவர்களுக்கு மட்டும்

இரண்டு வகை உண்டு. சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையே கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது பாடி லிஃப்ட். அதன் பக்கமே போகாதீர்கள். சஸ்பென்ஷனை மாற்றித் தூக்குவது இன்னொன்று. முன்பக்கம் உயரமான காயில் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும், பின்பக்கம் வளைவு கூடிய லீஃப் ஸ்பிரிங்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் பின் ஆக்சிலை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. ஆக்சில் டயரின் நடுவில் இருக்கிறது, ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிறது. 50 மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டால் பம்பர், சேஸிஸ், ஃபுட்போர்டு எல்லாம் மேலே போகும், டிஃபரன்ஷியல் மட்டும் போட்ட இடத்தில் கிடக்கும். பண்ருட்டித் தோப்பின் நடுமேட்டில் இடித்தது எதுவோ, அது ஒன்றரை லட்சம் செலவழித்த பிறகும் அதே மேட்டில் இடிக்கும். ஆற்றங்கரை ஏற்றத்தில் பம்பர் தரையில் குத்துகிறது, சுமையோடு பின்பக்கம் தொங்குகிறது என்றால் லிஃப்ட் உதவும். பிரச்சினை எதுவென்று வண்டிக்கு அடியில் படுத்துச் சிராய்ப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பம்பரில் இருந்தால் ஒரு பதில், டிஃபரன்ஷியல் கூட்டில் இருந்தால் வேறு பதில்.

எவ்வளவு தூக்கலாம்? 40 முதல் 50 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் முன் சக்கரத்துக்குப் போகும் அரை ஆக்சில்களின் சாய்வுக் கோணம் கூடி, அவற்றின் ரப்பர் உறை மடிந்து மடிந்து கிழியும். சக்கரத்தின் உள்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் மணல் உள்ளே புகுந்து ஜாயின்ட்டை அரைத்துவிடும்.

செலவைக் குறைக்க முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேல் ஒரு அலுமினிய வட்டும், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கியும் போட்டுத் தருகிறேன் என்பார்கள். பத்து, பதினைந்தாயிரத்தில் முடியும். ஸ்பிரிங் பழையதுதான், ஷாக்கின் நீளமும் பழையதுதான். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் தன் கடைசி எல்லையில் படார் படார் என்று அடிக்கும். வேண்டாம்.

முறையான கிட்டில் முன் ஸ்பிரிங் இரண்டு, ஷாக் நான்கு, பின் லீஃப் கட்டு இரண்டு, ரப்பர் புஷ்கள், லீஃப் கட்டை ஆக்சிலோடு பிடிக்கும் புது யு-போல்ட்கள் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய, தாய்லாந்து தயாரிப்புகள் இங்கே கிடைக்கின்றன. எனக்கு வந்த விலைப்புள்ளிகள் பொருத்தும் கூலியோடு ஒன்று முதல் இரண்டு லட்சம் வரை. வீல் அலைன்மென்ட்டில் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் அளவு) திரும்ப வரவில்லையென்றால், சக்கரத்தை மேல்பக்கம் பிடிக்கும் கன்ட்ரோல் ஆர்ம் மாற்ற வேண்டும், அதற்கு மேலும் நாற்பதாயிரம் முதல் எண்பதாயிரம். இந்த இரண்டாவது தொகையை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். நீங்களே கேளுங்கள்.

லீஃப் ஸ்பிரிங் எந்தச் சுமைக்கு என்று கிட்டில் குறித்திருக்கும். 300 கிலோ நிரந்தரச் சுமைக்கானதை வெறும் பெட்டியோடு ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பு விலகும். பலாப்பழம் ஏற்றும் சீசனைக் கணக்கில் வைத்து வாங்காதீர்கள், மீதிப் பத்து மாதத்தை வைத்து வாங்குங்கள்.

நேரம்: இருப்பு இல்லாத கிட் வந்துசேர ஒரு மாதம் முதல் இரண்டு மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், ஆடியில் ஆர்டர் கொடுத்தால் புரட்டாசிக்குள் வேலை முடியும்.

5. பட்டறை நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

வேலை இரண்டு நாள். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு இடத்திலும் டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் மறுபடி அளக்கும்போது இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும்.

கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிடுவது பட்டறைப் பழக்கம். அப்படி இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். மேலே தொங்கும்போது கைப்பிடியாக மட்டும் மாட்டி, சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகே, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லுங்கள். மெக்கானிக் அண்ணன் முகம் சுளித்தாலும் ஒரு டீயோடு சரியாகிவிடும்.

பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒரு முறை இழுத்து இறுக்கிய போல்ட் நீண்டுவிட்டது, அது மறுபடி அதே பிடியைத் தராது. இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்துச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. வீட்டில் திட்டு வாங்காமல் தனி பாட்டில் வாங்கிக்கொள்வது நல்லது.

பிறகு ஜாக்கியைச் சேஸிஸில் கொடுத்து, முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இடதும் வலதும் முழுதாக ஒடிக்கச் சொல்லுங்கள். பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் எங்காவது விறைத்து நிற்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பின்பக்கமும் அப்படியே. சில பிக்கப்களில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால், பெட்டி காலி என்று நினைத்து அந்த வால்வு பின் பிரேக்கை எப்போதும் குறைத்தே வைக்கும். உங்கள் வண்டியில் அது இருந்தால் கம்பியின் நிலையைத் திருத்தாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அன்றைக்கே வீல் அலைன்மென்ட், ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்த அச்சுத்தாள் இரண்டையும் வாங்குங்கள். ஸ்டியரிங் கோண உணரியைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள். மூக்கு தூக்கிய வண்டியின் வெளிச்சம் எதிரே வரும் பைக்காரரின் கண்ணில்தான் விழும்.

பில்லில் 'சஸ்பென்ஷன் வேலை' என்று மொத்தமாக எழுதித் தருவார்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயர், எண், ஜிஎஸ்டி, எல்லாம் தனித்தனியாக வேண்டும். அடுத்த படிக்கு இந்தப் பில்தான் ஆதாரம்.

6. காப்பீடு

மாற்றியதை, ஒப்புதலின் நகல், பில், நான்கு பக்கப் புகைப்படம் ஆகியவற்றோடு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். முகவர் "சொன்னால்தான் பிரச்சினை" என்பார். நஷ்டஈடு மறுக்கப்படும் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார். நிறுவனத்தின் பதிலில் திருப்தி இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான்.

வாரன்டியும் அப்படியே. சஸ்பென்ஷன், ஆக்சில் சார்ந்த கோரிக்கைகளை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். வாரன்டி முடிய ஓராண்டுக்குள் இருந்தால் காத்திருப்பது லாபம்.

7. காற்றும், முதல் ஆயிரம் கிலோமீட்டரும்

ஒரு நல்ல காற்றுமானி, பேட்டரியில் நேராகக் கவ்வும் 12 வோல்ட் கம்ப்ரஸர், இரண்டும் சேர்த்து ஐந்து முதல் பத்தாயிரத்துக்குள். லிஃப்ட்டுக்கு முன்பே வாங்க வேண்டியவை இவை. சாலையில் கதவுச் சட்டத் தாளில் உள்ள அளவு. செம்மண் சேற்றில் 22 முதல் 25 பிஎஸ்ஐ. மணலில் 16 முதல் 18. காற்றைக் குறைத்த டயரில் வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், மெதுவாக, அகலமாகத் திரும்புங்கள். தார் ஏறும் முன் மறுபடி காற்று பிடித்துவிடுங்கள், அடுத்த பஞ்சர் கடை வரை போய்க்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். மணலில் சக்கரம் சுற்றத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். மேலும் மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத் தானே குழி தோண்டும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலை வாரிவிட்டு, இன்னும் இரண்டு பிஎஸ்ஐ இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

500 கிலோமீட்டரில் யு-போல்ட்களை மறுபடி இறுக்க வேண்டும், நகப்பூச்சுக் கோடுகளையும் பாருங்கள். ஆயிரத்தில் இன்னொரு அலைன்மென்ட், புது ஸ்பிரிங் அதற்குள் சற்று அமர்ந்திருக்கும். கடலோரத் தோப்பில் ஓட்டி வந்த அன்றே, இரவானாலும், வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். லீஃப் பிளேட்களுக்கு நடுவே ஒட்டும் உப்பு மணல் ஒரே மழைக்காலத்தில் துரு ஏற்றிவிடும்.

கழற்றிய அசல் ஸ்பிரிங், ஷாக், யு-போல்ட், டயர் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது அசல் நிலையில் கேட்பவர்தான் நல்ல விலை கொடுப்பார். பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போதும் அவை தேவைப்படலாம். சாக்கின் மேல் எந்தப் பக்கத்துப் பாகம் என்று எழுதி வைத்தால், திரும்ப மாட்டும் மெக்கானிக்கின் அரை நாள் கூலி மிச்சம்.